செல்லரித்த கல்

பாரிஸின் செயின்ட் மார்ட்டின் வாயிலைத் தள்ளி நின்று பார்க்கிறவருக்குக் கல் செல்லரித்துவிட்டதோ என்று தோன்றும். கிட்டப் போனால் தெரியும், அத்தனையும் உளி வேலை. பதினான்காம் லூயி காலத்தில், 1674-இல், பியேர் புல்லே எழுப்பிய வெற்றி வளைவு இது. உயரம் 18 மீட்டர். கல்லின் முகமெங்கும் புழு ஊர்ந்த தடம்போல நெளிவரிகள். புல்லேயின் ஆசிரியர் பிளாண்டல் இரண்டாண்டு முன்னால் கட்டிய செயின்ட் டெனிஸ் வாயில் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். அதன் சுவரில் இந்த நெளிவரி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் நெளிவரியின் பயன் விளங்கும்: குழிகளில் நிழல் தங்குகிறது, கட்டடம் கனத்துத் தெரிகிறது.

கல்தச்சர் கல்லில் வளைவுகளை வரைந்துகொண்டு, இடைப்பட்ட இடத்தைச் சிற்றுளியால் கொத்திப் பள்ளமாக்குவார். இந்த வேலைப்பாட்டின் ஐரோப்பியப் பெயர் 'சிறு புழு' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சேமியாவின் இத்தாலியப் பெயருக்கும் மூலம் புழுதான். பாயசம் குடிக்கையில் இதை மறந்துவிடுவது நல்லது.

உண்மையான அரிப்பு இப்படி இருப்பதில்லை. பட்டை வண்டு மரப்பட்டைக்கு அடியில் ஒரு தாய்வழியைக் குடைந்து, அதன் ஓரங்களில் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகும். புழு வளர வளர அதன் வழியும் அகலமாகும். பட்டையை உரித்துப் பார்த்தால், இழையாகத் தொடங்கிய கோடு முடிவில் தடித்திருக்கும். கல்லின் நெளிவரிக்கு அந்த வளர்ச்சி கிடையாது.

நெளிவரியின் அந்த லத்தீன்வழிப் பெயர் பறவை நூல்களிலும் வரும். குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு வரும் ஊசிவால் வாத்தில், ஆணின் விலாப்புறம் தூரத்தில் வெறும் சாம்பல் நிறம். தொலைநோக்கியில்தான் வெள்ளைமேல் ஓடும் மெல்லிய கறுப்பு அலைகோடுகள் பிரிந்து தெரியும்.

லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்து வீட்டு வாசல்களிலும் நெளிவரிக் கற்கள் உண்டு. 1770-களில் தொடங்கிய வீடுகள் அவை. வாசல் வளைவின் உச்சியில் ஒரு முகம், இருபுறமும் புழுத்தடம். அவற்றில் உளி பட்டதில்லை. எலினோர் கோட் என்ற பெண்மணியின் லாம்பெத் தொழிற்சாலையில் களிமண் கலவையை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு எடுத்தவை. அச்சு ஒன்றானால் நெளிவும் ஒன்றே. ஒரு வாசலின் புழுத்தடத்தை இன்னொரு வாசலிலும் தேடிப் பார்க்கலாம்.