நாலு ஏக்கருக்கு ஒரு புள்ளி

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் எங்களுக்கு நாலு ஏக்கர் செம்பனை. தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பா, மிச்சம் பிடித்து வாங்கியது. 2024 நடுவில் பழம் எடுக்கும் தவுக்கேயின் ஆள் குலைகளை நிறுத்துவிட்டு, "அண்ணே, அடுத்த ரவுண்டுக்குள்ள கிரான்ட், லைசென்ஸ், லொக்கேஷன் மூணும் வேணும். இல்லாட்டி மில்லுல எடுக்க மாட்டாங்களாம்" என்றான்.

எல்லாம் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தால். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், கோக்கோ எதுவும் அங்கே விற்கக்கூடாது. விளைந்த இடத்தைத் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை காட்ட வேண்டும். நாலு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். அதுதானே என்று நினைத்தோம். மகன் கைப்பேசியோடு போனான். மட்டைகளுக்கு அடியில் சிக்னல் தடுமாறி, புள்ளி பக்கத்துக்காரர் நிலத்தில் போய் விழுந்தது. வாய்க்கால் ஓர வெட்டவெளிக்கு வந்த பிறகுதான் சரியான எண் கிடைத்தது.

புள்ளி கிடைத்தது, பெயர் இடித்தது. லைசென்ஸ் என் பெயரில். நிலப்பட்டாவான கிரான்ட் இன்னும் காலமான அப்பா பெயரில். உள்நாட்டுச் சட்டப்படி நிலம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்துத் தென்னமரம் என்ற இடத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அன்று காடு அழித்தவர்களிடம் எந்த ஐரோப்பியரும் தேதி கேட்கவில்லை. அதற்காகச் சட்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். கம்போங் குவாந்தான் ஆற்றோரம் மின்மினி அமரும் பெரெம்பாங் மரங்கள் செம்பனைக்காக வெட்டுப்பட்டதை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். ஆனால் 2025 மே மாதம் ஒன்றியம் நாடுகளைத் தரம் பிரித்தபோது அமெரிக்காவுக்குக் 'குறைந்த அபாயம்', எங்களுக்கு நடுத்தரம். அது நியாயமாகப் படவில்லை.

2024 முடிவில் தொடங்க வேண்டிய சட்டம் இருமுறை தள்ளிப்போய், பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் என்றாகியிருக்கிறது. ஒவ்வொரு தள்ளிவைப்பும் அவர்களுக்கு அவகாசம். தவுக்கேயின் ஆள் மட்டும் தாள் கேட்பதை நிறுத்தவில்லை.

சிறு நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரான்ட் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் மாற்றம்தான் வருடக்கணக்கில் இழுக்கிறது.