பரபாஸ் எங்கே போனான்?

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம் நடக்கும். நாலாவது வார்த்தை வருவதற்குள் என் மனசு சிலுவையடியிலிருந்து நழுவி, விடுதலையானவன் பின்னால் போய்விடும். பரபாஸ் அன்று எங்கே போனான்? வீடு இருந்ததா? ராத்திரி சாப்பிட்டானா? கலகத்தில் கொலை செய்தவன் என்கிறார் மாற்கு. கள்ளன் என்கிறார் யோவான். ஜனங்கள் கூச்சலிட்டு அவனைக் கேட்டு வாங்கியதோடு நான்கு சுவிசேஷகர்களுமே அவனைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

பாட்டியிடம் இப்படியெல்லாம் கேட்க முடியாது. ஆனால் கதை சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. யோசேப்பு கதையை எடுத்தால் அங்கி, தண்ணீரில்லாத குழி, இஸ்மவேலரின் ஒட்டகம் எல்லாம் திண்ணைக்கே வந்துவிடும். போத்திபாரின் மனைவியிடம் வரும்போது மட்டும் குரல் தணிந்து வேகம் கூடும்.

"அந்த அம்மா பேரு என்ன பாட்டி?"

"வேதத்துல எழுதலியேல. நமக்கு எதுக்கு?"

எதற்கு என்று விடாமல் பேர் வைத்தவர் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மான். முத்-எம்-ஏநெத் என்று அவர் அழைத்த அந்தப் பெண்ணின் தவிப்புக்கே தன் யோசேப்பு நாவலின் மூன்றாம் பாகத்தில் பெரும் பங்கைக் கொடுத்தார். யோசேப்பைப் பார்த்தபடி பழம் நறுக்கும் சீமாட்டிகள் தங்கள் கையையே அறுத்துக்கொள்ளும் காட்சியும் உண்டு. அது விவிலியத்தில் இல்லை. குர்ஆனின் யூசுப் அத்தியாயத்திலும் யூத மரபுக் கதைகளிலும் வருவது. மான் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொண்டார். 1926இல் தொடங்கி 1943 வரை நான்கு பாகங்கள். முதல் பாகம் வந்த 1933இல்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாடிழந்து கலிபோர்னியாவில் உட்கார்ந்து கடைசிப் பாகத்தை முடித்தார் மான். யூத முற்பிதாக்களின் கதையை அந்த வருஷங்களில் ஜெர்மன் மொழியில் எழுதியதே நாஜிகளுக்குப் போதுமான பதில் என்பேன்.

பார்வோனின் பேரையும் வேதம் சொல்வதில்லை. ஒரே சூரியக் கடவுளை வணங்கிய அகெனாத்தனைக் கொண்டுவந்து, ஆபிரகாமின் கொள்ளுப்பேரனுக்கு எதிரே உட்காரவைத்தார் மான். காலக்கணக்கு சரியா என்று எகிப்து ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல பார்வோன் கிடைக்கமாட்டான்.

நம் ஊரிலும் இது பழைய வேலைதான். மரியாளின் கணவர் யோசேப்பு சுவிசேஷங்களில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், அவ்வளவுதான். அந்தப் பேசா மனிதரைத் தலைவராக்கி, வளன் என்று பேரிட்டு, 3615 பாட்டுப் பாடிவிட்டார் வீரமாமுனிவர். தேம்பாவணி 1726இல் முடிந்தது. அது காப்பியம், சரித்திர நாவலல்ல. அதன் யூதேயாவில் நம்மூர் வயலும் வளமும்தான் செழிக்கின்றன. ஆனாலும் வேதம் வாய் திறக்காத இடத்தில்தான் அவரும் புகுந்தார்.

பரபாஸுக்கும் ஒருவர் கிடைத்தார். ஸ்வீடன்காரர் பேர் லாகர்க்விஸ்ட் 1950இல் எழுதிய சின்ன நாவலை 'அன்பு வழி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் க.நா.சு. அதில் பரபாஸ் சைப்ரஸின் செம்புச் சுரங்கத்தில் அடிமை. அவனோடு ஒரே சங்கிலியில் கட்டுண்ட சாஹாக் கிறிஸ்துவை நம்புகிறவன். பரபாஸுக்கு நம்ப ஆசை, முடியவில்லை. கழுத்துத் தகட்டில் இயேசுவின் பேரைப் பொறித்துக்கொண்ட பிறகும், ஆளுநர் கேட்கும்போது தனக்குத் தெய்வமில்லை என்று சொல்லித் தப்புகிறான். சாஹாக்கைச் சிலுவையில் அறைகிறார்கள். இரண்டாம் முறையாக, இன்னொருவன் சாவதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு நிற்கிறான் பரபாஸ். என் கேள்விகளுக்கு இதுவே போதும். ராத்திரி என்ன சாப்பிட்டான் என்பது பிறகு முக்கியமாகப் படவில்லை.

இந்த நாவலைத் தழுவி ஆண்டனி குவின் நடித்த படத்தில் சிலுவைக் காட்சியின் இருளுக்காக, 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தையே பிடித்தார்கள். பிரமிப்பான காட்சிதான். ஆனால் பஸ்கா வருவது பௌர்ணமியில். பௌர்ணமியன்று சூரிய கிரகணம் ஏது? பாட்டியே பிடித்திருப்பாள். உண்மையான கிரகணத்தைக் காட்டிய படத்தைவிட, யாரும் பார்க்காத ஒருவனின் மனசைக் கற்பனை செய்த நாவலையே நான் நம்புகிறேன்.

பாட்டி தாண்டிப்போன இன்னொரு இடம் ஆதியாகமம் 34. ஓய்வுநாள் பள்ளியிலும் அதைச் சொன்னதில்லை. யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் தீட்டுப்படுத்துகிறான். அவள் அண்ணன்மார் சிமியோனும் லேவியும் அந்த ஊர் ஆண்களையெல்லாம் வெட்டிப்போடுகிறார்கள். அனிதா டயமண்ட் 1997இல் எழுதிய 'தி ரெட் டெண்ட்' நாவலில் அவளே கதை சொல்கிறாள். சீகேம் இளவரசனோடு நடந்தது காதல் என்று டயமண்ட் மாற்றியது எனக்கு ஒப்பவில்லை. வன்முறையை அவ்வளவு சுலபமாகத் துடைத்துவிடக் கூடாது. ஆனாலும் புத்தகத்தைக் குறை சொல்லுமுன் அந்த அதிகாரத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். மொத்தம் 31 வசனங்கள். தகப்பன் பேசுகிறான், அண்ணன்மார் பேசுகிறார்கள், கெடுத்தவனும் அவன் தகப்பனும் பேசுகிறார்கள். தீனாள் பேசும் ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.