இருபது ரூபாய் நம்பர்

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ரயில் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவில் மணல் திட்டு. அந்தத் திட்டில் கலங்கரை விளக்கமும் அதைச் சுற்றி மீனவர் வீடுகளும். பக்கிங்ஹாம் கால்வாயில் விறகு ஏற்றிப் போகும் படகுகளைத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே பிறந்த ஒரு பையனுக்கு ரயில் பைத்தியம் பிடித்தது என்றால், அதற்கு முழுக்க அவன் ஆயாதான் காரணம்.

ஆயா மீன்காரி. பேரன் பேர் சொன்னாலும் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘கூடைக்காரம்மா பேரன்’ என்றால்தான் தெரியும். ஏரியில் பிடிபடும் இறால், மடவை, நண்டை அக்கம்பக்கத்து வீடுகளில் கடனுக்கு எடுத்து, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு வந்து பணம் கொடுப்பாள். விடியுமுன்னே தோணியில் பழவேற்காட்டுக்கு அக்கரை சேர வேண்டும். அங்கிருந்து முதல் பஸ்ஸில் பொன்னேரி. பொன்னேரியிலிருந்து மெட்ராஸ் பாசஞ்சர். பள்ளிக்கூடம் லீவு என்றால் பேரனும் கூடப் போவான். இரண்டாவது கூடைக்கு ஒரு ஆள் வேண்டுமே!

1970-71 வாக்கில் அவனுக்குப் பத்து வயசு.

பொன்னேரி ஸ்டேஷனில் எல்லார் கண்ணும் கைகாட்டி மேலேதான் இருக்கும். கை இறங்கினால் வண்டி வருகிறது என்று அர்த்தம். அவனுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். கவரைப்பேட்டைப் பக்கம் பனைமரங்களுக்கு மேல் முதலில் புகை தெரியும். அப்புறம் ஆரணி ஆற்றுப் பாலத்தில் சக்கரத்தின் சத்தம் மாறும். பிறகு தண்டவாளமே லேசாக நடுங்கும். இன்ஜின் அவனைத் தாண்டும்போது வீசும் அனலில் சூடான எண்ணெய் வாசமும் கரி வாசமும் கலந்திருக்கும். கூடையின் மீன் கவிச்சி அந்த ஒரு நிமிஷம் மறைந்தே போகும்.

அவனுக்குப் பிடித்தது முன்புறம் தோட்டா மாதிரி குவிந்து, நடுவில் விளக்கும் சுற்றிலும் நட்சத்திரமும் தீட்டிய பெரிய இன்ஜின். எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுப்பது. அதை ‘டபிள்யூ.பி.’ என்பார்கள் என்று கலாசி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். நம்பர் ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கும். சரக்கு வண்டியை இழுக்கும் ‘டபிள்யூ.ஜி.’க்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று போகும். முதல் டபிள்யூ.பி.க்கள் 1947-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து கப்பலில் வந்தவை, பிறகு கனடா, போலந்து என்று பல ஊர்களில் செய்து வாங்கினார்கள், 1960-களில் நம் சித்தரஞ்சனிலேயே செய்தார்கள் என்பதெல்லாம் அவன் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வயசில் அவனுக்கு அது சாமி வாகனம் மாதிரி. அவ்வளவுதான்.

டீசல் இன்ஜின்களும் அப்போது வரத் தொடங்கியிருந்தன. அவற்றை அவன் கணக்கில் சேர்க்கவே மாட்டான்.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து இன்ஜின் நம்பர். பின்பக்கத்திலிருந்து ஆயாவின் மீன் கணக்கு. யார் வீட்டு இறால் எத்தனை ரூபாய், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஆயா சொல்லச் சொல்ல எழுதுவான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த மாசத்தில் எவ்வளவு லேட்டாகும் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். வண்டி அரை மணி தாமதமானால் இறால் நிறம் மாறும், ஒரு மணி ஆனால் விலை பாதியாகும். அவன் புகையைத் தேடும் அதே திசையில்தான் அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயா டிக்கெட் வாங்கி வந்து ஒரு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். “அந்தக் கூடையை விட்டு நவுராதே. வண்டி நின்னதும் தூக்கிக் குடு” என்றாள். அந்த நேரம் பார்த்து வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று சிக்னல் கிடைக்காமல் அடுத்த லைனில் வந்து நின்றது. பொன்னேரியில் நிற்காத வண்டி! எப்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்து போகிற டபிள்யூ.பி. பெருமூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறது. பையனால் தாங்க முடியவில்லை. கூடையை விட்டுவிட்டு லைனைத் தாண்டி ஓடினான். நம்பரைப் பார்த்தான். ஃபயர்மேன் அடுப்பைத் திறக்க, உள்ளே நெருப்பு தகதகவென்று தெரிந்தது. அவர் சிரித்தபடி ஏதோ கேட்டார். தெலுங்கு. அவனும் சிரித்தான்.

திரும்பிப் பார்த்தால், மெட்ராஸ் பாசஞ்சர் குறுக்கே வந்து நிற்கிறது.

இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் கூடை. நடுவில் முழு ரயில். பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். கால்கள்தான் தெரிந்தன. வண்டி ரொம்ப நேரம் நிற்காது. அது கிளம்பிப் போனதும் எதிர் பிளாட்பாரத்தில் ஈரக் கோணி போர்த்திய கூடை மட்டும் இருந்தது.

பேரன் பின்னால் இருக்கும் குப்பத்துப் பெண்களோடு ஏறியிருப்பான் என்று ஆயா நினைத்திருக்கிறாள். மீஞ்சூரில்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. அங்கே இறங்கித் திரும்பியிருக்கலாம். அவள் இறங்கவில்லை. தலையில் இருந்த கூடையும் போனால் அந்த வாரமே போச்சு. பையன் பொன்னேரியை விட்டு எங்கும் போக மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இதை அவன் புரிந்துகொள்ள ரொம்ப வருஷம் ஆனது. அன்றைக்குப் பகல் முழுவதும், ‘ஆயா நம்மளை விட்டுட்டுப் போயிட்டா’ என்பது மட்டுமே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் ஏற ஏறக் காக்கைகள் வந்தன. ஸ்டேஷன் குழாயிலிருந்து கை கையாகத் தண்ணீர் கொண்டுவந்து கோணியில் தெளித்தான். மத்தியானத்துக்கு மேல் வாடை வந்துவிட்டது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எத்தனையோ இன்ஜின்கள் வந்து போயின. ஒரு நம்பரைக்கூட எழுதவில்லை.

சாயங்காலம் ஆயா வந்து இறங்கினாள். கோணியை விலக்கிப் பார்த்தாள். மூடினாள். அடி விழும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

“அந்த இஞ்சின் நம்பர் இன்னாடா?” என்றாள்.

சொன்னான்.

“எழுதி வெச்சுக்கோ. இருபது ரூவா நம்பர் அது.”

அன்றைய தேதிக்கு முன்பக்கத்தில் ஒரே ஒரு நம்பர். பின்பக்கத்தில் மூன்று வீட்டு இறாலுக்கு இருபது ரூபாய் பாக்கி. வாரத்துக்கு இரண்டு, ஒன்றரை என்று ஆயா அதை அடைத்து முடிக்க மூன்று மாசம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவன் கையாலேயே எழுத வைத்தாள். அதைவிட அடித்திருக்கலாம்.

1979-ல் கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் வந்தது. தாம்பரம் பக்கம் 1931-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே இருக்கிறவர்களுக்கு அது வந்து சேர நாற்பத்தெட்டு வருஷம்! பதினெட்டு வயசுப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புது வண்டியில் ஏறினான். புகை இல்லை, கூவல் இல்லை, ஓடி வந்து பார்க்க ஒன்றுமே இல்லை. ஆயாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை உதறி உதறிப் பார்த்தாள். “ஒரு பொட்டு கரி இல்லடா! கண்ணுல தூசி விழல. மணிக்குப் போய்ச் சேர்றான் பாரு” என்று பக்கத்தில் இருந்தவளிடமும் சொன்னாள். அவனுக்குக் கோபமாக வந்தது. இருபது வருஷமாகப் புகைவண்டியில் மீன் சுமந்தவள் அவள். வேடிக்கை பார்த்தவன் அவன். யாருக்குச் சந்தோஷப்பட உரிமை அதிகம் என்று அன்று அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த நோட்டு 1984 நவம்பர் புயலில் வீட்டுக்குள் வந்த தண்ணீரோடு போய்விட்டது. ஆயா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்.

இன்று அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குப்பத்துக்குப் பாலம் வந்து, வாசல் வரை ஆட்டோ வருகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் செய்த ‘இ.ஐ.ஆர். 21’ என்ற பழைய இன்ஜினைப் பெரம்பூர் பணிமனையில் புதுப்பித்து, 2010-லிருந்து அவ்வப்போது ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு முறை எழும்பூரிலிருந்து அது கிளம்புவதைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தார். ஒரே கூட்டம். எல்லார் கையிலும் போன். விசில் ஊதியதும் பேத்தி காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். “தாத்தா, கிட்டப் போய்ப் பாக்கலாம் வா!” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ பாட்டியோட போ கண்ணு. நான் இங்கேயே நிக்கிறேன்” என்றார்.

சாப்பாட்டுப் பையைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார். “அதை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. நீங்களும் வாங்க” என்றாள் மனைவி. அவர் நகரவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டி எட்டி, நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டார்.