காத்து புடிக்கிற வாளி

பித்தளை அண்டாவை இறக்கப் பரணில் ஏறினேன். அண்டாவுக்குப் பின்னால் ஒரு வாளி இருந்தது. பெயின்ட் வாளி அளவு, வெள்ளை பிளாஸ்டிக். மூடியில் இரண்டு துளைகள், ஒன்றில் சிறு குழாயும் வால்வும். மூடிக்குள்ளிருந்த ரப்பர் வளையம் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது.

"இது எதுக்கு சித்தப்பா?"

"அதாம்மா? காத்து புடிக்கிற வாளி."

சித்தப்பா வீடு கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையை ஒட்டிய ஊர். 1980-களில் உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்சாலை வளாகம் வந்த பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாற்றம் என்பது மழை, வெயில் மாதிரி. விடுமுறைக்குப் போகும் எங்களுக்கு அப்படி இல்லை. நடு ராத்திரியில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்காருவோம். சித்தி ஒன்றும் பேசாமல் ஜன்னலைச் சாத்தி, துண்டை நனைத்துக் கொடுப்பாள். பகலில் சூடேறிக் கலைந்து மேலே போகும் காற்று, இரவில் தரையோடு படுத்துவிடும். ராத்திரியில்தான் அதிகம் நாறும் என்பதற்குக் காரணம் அதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வாளி எப்படிக் காற்றைப் பிடிக்கும்? சித்தப்பா தரையில் வைத்து விளக்கினார். உள்ளே ஒரு பை தொங்கும். டெட்லார் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ரசாயனங்கள் அதில் எளிதில் ஒட்டாது. பையின் வாய் வால்வு வழியாக வெளிக்காற்றுக்குத் திறக்கும். இன்னொரு துளையில் பம்பை வைத்து வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், பை தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். பிடிக்கும் காற்று பம்புக்குள் போவதே இல்லை, அதனால் அழுக்குச் சேராது. இரண்டு மூன்று நிமிட வேலை. வால்வை மூடி, பையைக் கழற்றி, கெட்டுப்போவதற்குள் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கந்தக வாயுக்கள் பைக்குள் ஒரு நாள் தாங்குவதே பெரிது.

இவ்வளவு எளிமையான ஒன்றை யார் யோசித்தது? "அமெரிக்காவுலேர்ந்து வந்தவரு காட்டிக்குடுத்தாரு" என்பதோடு சித்தப்பா நிறுத்திக்கொண்டார். நான் அங்கிருந்து பின்னோக்கிப் போனேன்.

வாளி பிறந்த இடம் கலிபோர்னியாவின் ரோடியோ என்ற சிறு ஊர். 1994 ஆகஸ்டில் அங்கிருந்த யூனோகால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கேட்டாகார்ப் என்ற ரசாயனம் 16 நாட்கள் தொடர்ந்து கசிந்தது. ஊரே நோயில் விழுந்தது. மக்களுக்காக வழக்காடியவர் எட்வர்ட் மாஸ்ரி. 'எரின் பிராக்கோவிச்' படத்தில் வரும் அதே வழக்கறிஞர். 1995-இல் ஆலைப் புகை பட்டு அவருக்கே உடம்பு முடியாமல் போனது. அதிகாரிகளைக் கேட்டால், எங்கள் கருவிகளில் ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள். தன் உடம்பு சொல்வதைக் கருவி மறுக்கிறதே என்ற கோபத்தில், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு கருவி செய்துதரும்படி பொறியாளரிடம் கேட்டார். அதுவரை இந்த வேலைக்கு இருந்தது எஃகுக் குப்பி. விலை ஆயிரக்கணக்கான டாலர். புதிதாக வந்தது கடையில் விற்கும் 5 கேலன் வாளி. டென்னி லார்சன் என்ற செயற்பாட்டாளர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். லூசியானாவின் நோர்கோ, தென்னாப்பிரிக்காவின் டர்பன், பிறகு 2004-இல் கடலூர்.

அந்த ஆண்டு சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வாளியில் பிடித்த காற்று, கடல் கடந்து ஆய்வகத்துக்குப் போனது. அறிக்கையில் 22 நச்சு ரசாயனங்களின் பெயர்கள் இருந்தன; அவற்றில் 8 புற்றுநோய் வரவழைப்பவை. ஊரில் அதுவரை 'நாத்தம்' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருந்தது, பெயரும் அளவும் கொண்ட பட்டியலாகத் திரும்பி வந்தது.

அதற்கு முன் யாரும் அளக்கவே இல்லையா? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. இந்தியாவில் காற்றை முறையாகக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 1984-இல் ஆக்ராவிலும் அன்பராவிலும் 7 நிலையங்களோடு தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவியது. வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள். வழக்கமாக அளந்தவை தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. பென்சீன் காற்றுத் தர வரம்புகளின் பட்டியலில் சேர்ந்தது 2009-இல்தான். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி நாறும் மெர்காப்டன் அந்தப் பட்டியலில் இன்றும் இல்லை. ரோடியோவில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காற்று அப்போதைக்கு இப்போது மேலா என்று கடலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். அன்று அளக்காததை இன்று எதனோடு ஒப்பிடுவது? வாளியும் இதற்கு உதவாது. அது பிடிப்பது மூன்று நிமிடக் காற்று. ஆலை வாயு வருவதும் போவதுமாக இருக்கும். இன்று பிடித்த பையையும் ஐந்து வருடம் கழித்துப் பிடித்த பையையும் பக்கத்தில் வைத்தால் அவை இரண்டு கணங்கள், அவ்வளவே.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். வாளி வருவதற்கு முன்னும் பின்னும் எழுதியது. கோடு போட்டு ஐந்து கட்டம்: தேதி, மணி, காத்து, நாத்தம், உடம்புக்கு. காத்து என்ற கட்டத்தில் கொண்டல், வாடை, சோழகம், மேல்காத்து என்று கடற்கரைக்காரர்களின் சொற்கள். நாத்தத்துக்கு: 'முட்டை', 'நெயில் பாலிஷ்', 'செத்த எலி', 'அழுகின கோசு'. கடைசிக் கட்டத்தில் சித்தியின் கையெழுத்து: 'சின்னவனுக்கு வாந்தி', 'கண் எரிச்சல்', 'தொண்டை'.

அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். அளவு மிக அதிகமானாலோ அதே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தானது. அதனால்தான் கடைசிக் கட்டத்தைச் சித்தி விடாமல் எழுதியிருக்கிறாள். நாத்தம் என்ற இடம் காலியாக இருந்து, 'தலை சுத்தல்' என்று மட்டும் எழுதிய வரிகளும் உண்டு.

நோட்டில் பாதிக்கு மேல் ஒரே சொல். இல்லை. இல்லை. இல்லை. ஒரு பக்கம் முழுக்க, மணியும் காற்றும் குறித்து, அந்தச் சொல் மட்டும்.

"நாறாத நாளை எதுக்கு சித்தப்பா எழுதுனீங்க?"

"அதையும் எழுதணும்மா. நாறுன நாளை மட்டும் எழுதினா, தெனமும் நாறுச்சுன்னு ஆயிடும். அப்ப நான் எழுதுனது பொய்யில்ல?"

பக்கத்தைத் திருப்பினேன். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள். வாடை, இல்லை. வாடை, இல்லை. கொண்டல், இல்லை. நான்காம் நாள் விடியற்காலை 3.40, மேல்காத்து, கோசு. பக்கத்தில் சித்தியின் கையெழுத்தில்: 'பிள்ளைகளை எழுப்பி உள்ரூமுக்கு மாத்தினோம்.'