செட்டிப்பாளையம் ரோட்டில் ஒரு ஷாக் அப்சார்பர் பட்டறை

ஷாக் அப்சார்பரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஒரு குழாய், அதற்குள் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் பிஸ்டன், சுற்றிலும் எண்ணெய், அது கசியாமல் இருக்க ஒரு சீல். பம்புசெட்டும் நூற்பாலை இயந்திரமும் செய்து பழகிய கோயம்புத்தூருக்கு இதில் எதுவும் புதிதில்லை. குழாய்க்கு ஹோனிங் பிடிக்கவும், தண்டுக்கு ஹார்டு குரோம் ஏற்றவும், லேத்தில் காடி வெட்டவும் ஆள் தேடி அலைய வேண்டாத ஊர். போதாக்குறைக்கு 2003 முதல் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் ஓடுதளம். பந்தயக் கார் ஓடும் ஊரில் ஷாக் அப்சார்பரைத் திறந்து மூடத் தெரிந்தவரும் இருப்பார்.

அப்படி ஒருவரிடம்தான் நண்பரை அழைத்துப் போனேன். அவர் பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்க இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். இரண்டும் 987 வகை. ஒன்று கோவையிலேயே இருந்தது, சாதாரண சஸ்பென்ஷன். கொச்சியில் இருந்த மற்றதில் பி.ஏ.எஸ்.எம். என்ற மின்னணு சஸ்பென்ஷன்: பட்டனைத் தட்டினால் ஷாக் இறுகும், மறுபடி தட்டினால் இளகும், வண்டியும் சாதாரணத்தைவிட 10 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். கொச்சிக்காரர் அந்தப் பட்டனுக்கென்றே தனி விலை சொன்னார்.

பட்டறை தகரக் கூரைதான். ஒரு லேத், ஒரு நைட்ரஜன் சிலிண்டர், சுவரோரம் ஒரு டைனோ. டைனோ என்பது ஷாக் அப்சார்பரைப் பிடித்து வெவ்வேறு வேகத்தில் மேலும் கீழும் ஆட்டி, ஒவ்வொரு வேகத்திலும் அது எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் இயந்திரம். மாஸ்டருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பம்பு கம்பெனியில் சீல் மாட்டக் கற்றுக்கொண்ட கை. பந்தயக் காரில் ஒருமுறையும் உட்கார்ந்ததில்லையாம். வந்து போவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில்.

மேசையில் எல்.ஜி.பி. ஃபார்முலா கார் ஒன்றின் ஷாக் பிரிந்து கிடந்தது. முதலில் கேஸை இறக்கி, மூடியை உள்ளே அழுத்தி, சர்க்கிளிப்பை எடுத்துத் தண்டை உருவியிருந்தார்கள். வடித்த எண்ணெய் கறுத்திருந்தது. பிஸ்டனின் இரு புறமும் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஷிம் என்பார்கள். 0.1, 0.15, 0.2 மில்லிமீட்டர் கனம். எண்ணெய் இந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும், காரின் குணமே அந்த வளைவில் இருக்கிறது. உதவிக்கு இருந்த பையன் ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தான். "கண்ணு, மைக்ரோமீட்டர்ல பார்த்து நோட்டுல எழுதிட்டுக் கோரு" என்றார் மாஸ்டர். அது கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. எந்த வண்டி, எந்தப் பக்கம், எத்தனை தகடு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டைத் தொலைத்தால் டைனோ இருந்தும் பயனில்லை என்றே எனக்குப் பட்டது.

கோவை வண்டியைப் பட்டறைக்கே ஓட்டி வந்திருந்தோம். நண்பர் பழக்க தோஷத்தில் முன் மூலையை அழுத்தி ஆட்டிக் காட்டினார். மாஸ்டர் சிரித்தார். "கையில அமுக்கறது மெதுவான ஆட்டந்தானுங்க தம்பி. குழியில விழுறப்ப தண்டு எத்தனை வேகத்துல போவும்? அத கை காட்டாதுங்க." ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பச் சொல்லி மேல் மவுண்ட்டில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். டயர் மேல் உள்ளங்கையை ஓட்டி, மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நான்கு சக்கரத்துக்கும் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்தார். முன்பக்கம் கணக்கில் இடித்தது. லிஃப்டில் ஏற்றியதும் விடை கிடைத்தது: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர்.

நம் ஊரில் இது சகஜம். இந்திய ரோடு காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். தெருக்களில் நாம் ஏறி இறங்குவது அதே உயரத்தை ஒன்றிரண்டு அடி அகலத்துக்குள் அடைத்தவை. அடி தட்டக் கூடாதென்று பஃபரைத் திணிக்கிறார்கள். ஸ்பிரிங்கின் அந்தச் சுற்று வேலை செய்யாமல் போகிறது, அழுத்தமெல்லாம் மற்ற சுற்றுகளில் இறங்குகிறது, ஷாக் நடுநிலையில் இல்லாமல் நீண்டே நிற்கிறது. இந்தச் சாலைகளில் இன்னும் 10 மில்லிமீட்டர் தாழ்ந்த வண்டிக்கு ஏன் கூடுதல் பணம் என்ற கேள்வி எனக்கு அங்கேயே எழுந்தது.

கொச்சி வண்டியின் படங்களையும் காட்டினோம். பின்பக்க ஷாக்கின் உடம்பில் எண்ணெய் ஈரம், அதன் மேல் தூசி ஒட்டியிருந்தது. மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "சீல் மாத்தித் தந்துருவேனுங்க. ஆனா உள்ள கரண்ட்டுல வேலை செய்யற வால்வு இருக்குது. அதுக்கு எத்தனை கரண்ட்டு குடுத்தா எத்தனை இறுகோணும்னு என்ற நோட்டுல இல்லீங்க. பாக்காம மூடித் தந்தா அது வேலை இல்லீங்களே."

நல்ல நிலையில் இருந்தால் பி.ஏ.எஸ்.எம். அருமையான ஏற்பாடு, ஒரே வண்டியில் இரண்டு குணம் வேறெப்படிக் கிடைக்கும்? ஆனால் அது கெட்டால் புதிது வரவழைக்க வேண்டும். சாதாரண ஷாக்கை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்க இன்னொரு வைத்தியம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் கேட்க வேண்டியது எது உயர்ந்தது என்பதல்ல, எதைத் திறக்க நம் பக்கம் ஆள் இருக்கிறார் என்பதுதான் என்று நண்பரிடம் சொன்னேன். கடைசி முயற்சியாக அவர் காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து உயரம் மாற்றக்கூடிய செட், போடலாமா என்றார். "ட்ராக்குல ஓட்டறீங்களா? இல்லீன்னா எதுக்குங்க?" என்று மாஸ்டர் முடித்துவிட்டார்.

கோவை வண்டியின் பஃபர்களை எடுத்து, நான்கு ஷாக்கையும் சரிபார்க்கும் செலவை விலையில் கழிக்க விற்பவர் சம்மதித்தார். கம்பெனி ஷாக்கின் மடித்து மூடிய வாயை லேத்தில் வெட்டி, புரி போட்டு, புது மூடி செய்துகொண்டால் அதையும் பந்தய ஷாக் போலத் திறக்கலாமாம். முதல் ஷாக்கை வைஸில் பிடித்துக்கொண்டே, "மாசத்துக்கு எத்தனை நாள் ஊட்டி, எத்தனை நாள் ஆபீஸ்?" என்று மாஸ்டர் கேட்டார். நண்பர் கொஞ்சம் வெட்கத்தோடு ஆபீஸ்தான் அதிகம் என்றார்.

"அப்ப நீளற பக்கம், ரீபவுண்ட் தகட்டத் தொட வேண்டாங்க. அமுங்கற பக்கம் ஒண்ணு மட்டும் மெலிசா போட்டுடறேன். சனிக்கிழமை வாங்க."