பிஸ்கட் டின்னில் ஓர் ஓலை

முப்பத்தோரு வருஷம் வரலாறு வாத்தியாராக இருந்தேன். லிங்கன் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூடக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கப்பலின் அடித்தட்டில் ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியோடு படுக்கவைத்துக் கொண்டுவந்ததையும், ஏலமேடையில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்ததையும், 1863இன் விடுதலைப் பிரகடனத்தையும் தொண்டை கம்மச் சொல்வேன். அந்த அடிமைகளின் கதையான ‘ஏழு தலைமுறைகள்’ நாவலைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவன் நான். அதில் பாசாங்கு இல்லை. நிஜமாகவே அழுதேன்.

1994இல் ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “நம்ம ஊர்லயும் அடிமைங்க இருந்தாங்களா சார்?”

“இல்லப்பா. இங்க பண்ணையாள்தான். அது வேற.”

சரி சார் என்று உட்கார்ந்துவிட்டான். அவன் தாத்தா எங்கள் வீட்டுப் பண்ணையாள்.

அந்தப் பதிலைச் சொன்னபோது எங்கள் வீட்டு அலமாரிமேல், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அந்த ஓலை இருந்தது. நாலு வருஷம் முன்பே அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருந்தேன். புள்ளி வைக்காத எழுத்து. ஒரு வரிக்கு ஒரு ராத்திரி ஆனது. விளம்பி வருஷத்துப் பாகப்பிரிவினை, அதாவது 1838. என் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவும் அவர் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டது. நன்செய் இத்தனை மா, மாவடை மரவடை, உழவுமாடு, ஒரு வெண்கல அண்டா. அண்டாவுக்கு அடுத்து ஆளடிமை. நாலு பெயர், ஒரு கைக்குழந்தை. தாயும் குழந்தையும் தம்பி பங்கில். மூத்த மகன் அண்ணன் பங்கில். அண்டாவுக்காவது எடை எழுதியிருந்தது. குழந்தைக்குப் பெயர்கூட இல்லை.

இரண்டு பங்கும் ஒரே ஊர்தானே, ராத்திரியானால் எல்லாரும் ஒரே குடிசைக்குத்தானே போயிருப்பார்கள் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தை அமெரிக்கப் பண்ணைக்காரன் ஒருவன் சொல்லியிருந்தால் வகுப்பில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

‘அது வேற’ என்றேனே, என்ன வேறு என்று எனக்குத் தெரியாமலில்லை. தஞ்சைச் சீமையில் நிலம் கைமாறினால் ஆளும் கூடவே கைமாறினான். நிலமில்லாமல் ஆளை மட்டும் விற்றதும் உண்டு, ஒற்றி வைத்ததும் உண்டு. ஆங்கிலேயர் தங்கள் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் வருஷச் சட்டம், கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு இது பொருந்தாது என்று தானே சொல்லி ஒதுங்கிக்கொண்டது. 1843இல் இங்கே வந்த ஐந்தாம் சட்டமும் யாரையும் கூப்பிட்டு ‘நீ போகலாம்’ என்று சொல்லவில்லை. இவன் என் அடிமை என்று கோர்ட்டில் உரிமை கோர முடியாது, அவ்வளவுதான். ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமென்று ஆக, தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 1862 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மிராசுதாருக்குக் கோர்ட் எதற்கு? குடிசை நின்ற மனை அவருடையது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பனோடு போகாமல் மகன் தலையில் ஏறும். விடியுமுன் வயலில் இறங்கினால் இருட்டித்தான் கரையேறலாம். கூலி நெல்லாக, அளப்பவர் கை எப்படியோ அப்படி. பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்த 1944இல் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவும் தோழர்களும் போராடி, மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஓலைக்கும் அதற்கும் இடையில் நூற்றாறு வருஷம். என் பாட்டி சாகும்வரை அவர்களை ‘நம்ம ஆளுங்க’ என்றுதான் சொன்னாள், பிரியமாக.

திருப்பாம்புரம் கல்வெட்டை மட்டும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1201இல், பஞ்சத்தில், ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டது. அதைச் சொல்வது சுலபம். விற்றவனும் அவனே, விலைபோனவனும் அவனே, வாங்கியது சாமி. நடுவில் என் தாத்தா யாரும் வரமாட்டார்.

சுந்தரர் கதையும் அப்படித்தான். கிழவேதியராக வந்த சிவன், சுந்தரர் தனக்கு அடிமை என்று ஆளோலையை நீட்டும் இடத்தில் எத்தனை தடவை கண்கலங்கியிருக்கிறேன்! திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அங்கே திகைத்தது, ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையா என்றுதான். ஓலை எழுதி மனுஷனை அடிமைகொள்வது அவர்களுக்கு ஆச்சரியமாக இல்லை. பழைய ஓலையோடு எழுத்தை ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கும் ஆச்சரியமாக இருந்ததில்லை, இத்தனை வயதுவரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓலையிலுள்ள நாலு பெயரில் ஒன்று அந்தப் பையனுடைய தாத்தாவின் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதலில் கேட்க வேண்டியவர்கள் இன்னும் கேட்கவில்லை.

போன தைமாதம் அவன் வந்திருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. கூடவே மகள், எம்.ஏ. வரலாறு படிக்கிறாளாம், என் பாடம் கேட்டு அப்பனுக்கு வந்த ஆசையாம். காபி குடித்து முடித்ததும் அவன்தான் ஆரம்பித்தான். “வீட்ல பழைய ஓலை, பத்திரம் ஏதாவது இருக்குங்களா சார்? பாப்பா பாக்கணும்ங்கிறா.” அந்தப் பெண் போனை எடுத்துக் கேமராவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள்.

அவர்களால் நிலம் போய்விடும் என்று பயமில்லை. நிலம் எங்களிடம் ஏது, அதெல்லாம் என் அப்பா காலத்திலேயே போய்விட்டது. முப்பது வருஷமாக அவன் கூப்பிடுகிற அந்த ‘சார்’ போய்விடுமோ என்றுதான்.

“எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சுப்பா” என்றேன்.

பரவாயில்லை தாத்தா என்று அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தெருமுனைவரை போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கதவைத் தாழிட்டுவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினேன். அந்துருண்டை கரைந்து மிளகளவுக்கு வந்திருந்தது. புதிதாக இரண்டு போட்டு மூடி, மறுபடி மேலே வைத்தேன்.