மலைக்கு மூத்த ஆறு

ஜூலை 9, ராபிட்கெட்டில்

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளில் 500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி லியார்டு ஆற்றில் கலக்கும் தெற்கு நஹானி, நீண்ட குளிர்காலமும் குறுகிய கோடையும் ஊசியிலைக் காடுகளும் உடைய துணை ஆர்க்டிக் மண்டலத்தைச் சேர்ந்த மலையாறு. இதன் தேசியப் பூங்காவுக்குப் பெரும்பாலோர் நீரில் இறங்கும் சிறு விமானத்திலேயே வருகின்றனர். இங்குள்ள ஊற்றின் நீர், பெயருக்குத்தான் வெந்நீர், ஏறத்தாழ 20 டிகிரி வெதுவெதுப்பிலேயே சுரக்கிறது. நிலத்தடியில் அது கரைத்துக்கொண்டு வரும் சுண்ணம் வெளிக்காற்றுப் பட்டதும் படிந்து டூஃபா எனப்படும் நுண்துளைப் பாறையாகிறது. அவ்வாறு எழுந்த மேட்டில், நீர் வழியும் இடங்களிலெல்லாம் மெல்லிய வரம்புகளும் ஆழமற்ற சிறு குட்டைகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மிதியடியின் அழுத்தத்துக்கே அவ்வரம்புகள் நொறுங்கும் என்பதால் மேட்டின்மீது வெறுங்காலுடன் நடப்பதே வழக்கம்.

ஜூலை 13, வர்ஜீனியா அருவி

இப்பகுதித் தொல்குடியினரான டெனே மக்கள் நைலிச்சோ என வழங்கும் இவ்வருவி, நடுவில் நிமிர்ந்து நிற்கும் பாறைத் தூணால் இரு கூறாகப் பிளவுபட்டு, 90 மீட்டருக்கும் மேல் வீழ்கிறது. வீழும் நீர் அடிப்பாறையை அரிக்க, விளிம்பு இடிந்து அருவி மேல்நோக்கிப் பின்வாங்குகிறது. அப்படிப் பின்வாங்கிய தடமே கீழேயுள்ள நான்காம் மலையிடுக்கு. லியார்டிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறியவர்கள் எண்ணியதால், ஓட்டத்தோடு இறங்குபவருக்கு இடுக்குகள் நான்கில் தொடங்கி ஒன்றில் முடிகின்றன.

ஜூலை 17, முதல் இடுக்கு

மூன்றாம், இரண்டாம், முதல் இடுக்குகளின் வரலாறு வேறு. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஆறு வளைந்து வளைந்து செல்கிறது. இத்தகைய வளைவுகள் தாழ்சரிவுச் சமவெளிக்கே உரியவை என்பதால், மலை எழுவதற்கு முன்பே ஆறு இங்கு ஓடியது என்றும், நிலம் மெல்ல உயர உயர அது தன் தடத்தை விடாமல் கீழறுத்துச் சென்றது என்றும் நிலவியலாளர் கொள்வர். முதல் இடுக்கின் சுவர்கள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ளவை. கடைசிப் பனியூழியின் பனிப்பாளங்கள் இப்பகுதியை மூடவில்லை. மூடியிருந்தால் வளைவுகள் அரைபட்டு, அகன்ற தொட்டி வடிவப் பள்ளத்தாக்கொன்றே எஞ்சியிருக்கும். கண்ணைக் கவர்வது அருவியே எனினும் நஹானியின் தனிச்சிறப்பு இவ்வளைவுகளில்தான் உள்ளது.

ஜூலை 20, நஹானி பியூட்

இடுக்கைக் கடந்ததும் ஆறு சரளைத் திட்டுகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, டெனே சிற்றூருக்கருகில் லியார்டை அடைகிறது. அந்நீர் பின்னர் மெக்கன்சி ஆற்றின் வழியாக ஆர்க்டிக் பெருங்கடலைச் சேரும். 1978இல் யுனெஸ்கோவின் முதல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றபோது, இப்பூங்கா ஆற்றை ஒட்டிய குறுகிய பட்டையாகவே இருந்தது. நிலத்தடி வழியாகவும் நீர் வந்து சேரும் சுண்ணாம்புப் பாறை நாட்டில் கரையை மட்டும் காப்பது அரைகுறைக் காப்பே. 2009இல் ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டராக விரிவுபெற்ற பிறகே நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி எல்லைக்குள் வந்தது.